எஞ்சின்காரனின் சம்மதம்: சுவீடனின் விகெனும் அதை வாங்க முடியாமற்போனவர்களும்

போர்விமானங்களைப் பற்றிய எந்தக் கலைக்களஞ்சியத்தைப் புரட்டினாலும், ஒவ்வொரு விமானத்தின் கீழும் அதைப் பாவித்த நாடுகளின் பட்டியல் ஒன்று இருக்கும். அதைச் சந்தை நிலவரம்போல வாசிப்பதுதான் வழக்கம். பட்டியல் நீண்டிருந்தால் விமானம் திறமானது. குட்டையாக இருந்தால் அதில் ஏதோ கோளாறு. சுவீடனின் சாப் நிறுவனம் கட்டிய விகென் இந்த வாசிப்புக்கு மசியாது. 1967 பெப்ரவரி 8ஆம் திகதி முதன்முதலாகப் பறந்து, 1971இல் சேவைக்கு வந்து, 2005இல் ஓய்வு பெற்ற அந்த விமானத்தை அதன் காலத்தின் மிகச் சிறந்த போர்விமானங்களில் ஒன்றென்று மதிப்பவர்கள் பலர். கட்டப்பட்டவை 329. பாவித்த நாடு ஒன்றே ஒன்று, சுவீடன். ஒன்றைக்கூட வேறு எந்த நாடும் வாங்கவில்லை. பாவித்த நாடுகளின் பட்டியலை விருப்பங்களின் பட்டியலாக எடுத்துக்கொள்வது தவறு. அது பெரும்பாலும் அனுமதிகளின் பட்டியல், அந்த அனுமதியைக் கொடுப்பவர் பல வேளைகளில் விமானத்தைக் கட்டியவர்கூட இல்லை, அதன் எஞ்சினை வடிவமைத்தவர் என்பதே இக்கட்டுரையின் வாதம். இலங்கையில் இருந்துகொண்டு சுவீடன் விமானத்தைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று கேட்கலாம். வடக்கிலும் கிழக்கிலும் ஒரு தலைமுறை முழுவதற்கும் பெயர் தெரிந்திருந்த கிபிர் விமானத்தின் கதையும் இதே எஞ்சின் கதைதான்.

முதலில் விகென் எதற்காகப் பிறந்தது என்று பார்க்க வேண்டும். சுவீடனின் அச்சம் எளிமையானது. யுத்தம் தொடங்கும் நாளில் சோவியத் குண்டுவீச்சு விமானங்கள் வருவது நகரங்களுக்கல்ல, விமானத்தளங்களுக்கு. ஓடுபாதை உடைந்தால் உலகின் மிக வேகமான விமானமும் கொட்டிலில் கிடக்கும் இரும்புதான். ஆகவே நாடெங்கும் நெடுஞ்சாலைகளின் நேரான துண்டுகளை அகலப்படுத்தி, காட்டுக்குள் எரிபொருளையும் ஆயுதங்களையும் பதுக்கி, விமானங்களைச் சிறு கூட்டங்களாகச் சிதறவைக்கும் ஏற்பாடு ஒன்றைச் செய்தார்கள். 1967 ஜூனில் எகிப்தின் விமானப்படையை இஸ்ரேல் ஒரே காலைப்பொழுதில் தரையிலேயே அழித்தபோது, தங்கள் அச்சம் சரியென்று சுவீடன்காரர் உறுதிப்படுத்திக்கொண்டார்கள். பின்னைய பத்தாண்டுகளில் அந்த ஏற்பாட்டை மேலும் விரித்தார்கள். விகெனின் உடல் முழுவதும் இந்த ஒரே தேவைக்காகச் செதுக்கப்பட்டது. பெரிய முக்கோண இறக்கைக்கு முன்னால் இன்னொரு சிறு இறக்கை. குறைந்த வேகத்திலும் விழாமல் இறங்க அது உதவியது. மூக்குச் சக்கரம் நிலத்தில் அழுந்திய கணமே, எஞ்சினின் உந்துதலை முன்பக்கமாகத் திருப்பிவிடும் பொறி தானாகத் திறந்துகொள்ளும். ஐந்நூறு மீற்றரில் விமானம் நின்றுவிடும். தேவையானால் தன் சொந்தப் பலத்திலேயே பின்னோக்கியும் ஊரும். ஐந்நூறு மீற்றர் என்றால் ஆறேழு நிமிட நடை. இறங்கிய விமானத்துக்கு எண்ணெய் ஊற்றி, ஏவுகணை பூட்டி, மறுபடி அனுப்பும் வேலையைக் கட்டாய இராணுவ சேவைக்கு வந்த இளைஞர்கள் சிலர், ஒரு தொழில்நுட்பவியலாளரின் மேற்பார்வையில், பத்து நிமிடமளவில் முடித்துவிடுவார்கள். மலைக்குள் குடைந்த கொட்டில்களில் நுழைவதற்காக வால் இறக்கைகூட மடியும். பெரிய தளம் கட்டக் காசில்லாத, ஆனால் பெரிய அயலவருக்கு அஞ்சும் நாடுகளுக்கு இதைவிடப் பொருத்தமான விமானம் அந்தக் காலத்தில் இருக்கவில்லை. பொருத்தமிருந்தும் வாடிக்கையாளர் இல்லாமற்போனது ஏன்?

விடை அதன் வயிற்றுக்குள் இருக்கிறது. சுவீடன் சொந்த ஜெட் எஞ்சினுக்கு முயலாத நாடல்ல. ஸ்டால் நிறுவனம் டோவர்ன் என்ற எஞ்சினை லான்சன் விமானத்துக்காக உருவாக்கிக்கொண்டிருந்தது. 1952இல் அதைக் கைவிட்டு, பிரித்தானியாவின் ரோல்ஸ்-ராய்ஸ் ஏவன் எஞ்சினை உரிமம் பெற்றுக் கட்டுவதென்று முடிவாயிற்று. அன்றைய கணக்கில் அது புத்திசாலித்தனமான முடிவு. எட்டு மில்லியனுக்கும் குறைவான மக்கள் கொண்ட நாடு, விமானம், ராடர், ஏவுகணை, எஞ்சின் எல்லாவற்றையும் தானே செய்ய முடியாது. எதையாவது வாங்கத்தான் வேண்டும். விகெனுக்கும் முதலில் ரோல்ஸ்-ராய்ஸின் மெட்வே எஞ்சினைத்தான் பார்த்திருந்தார்கள். அந்த எஞ்சினை நம்பியிருந்த பிரித்தானியப் பயணிகள் விமானம் சிறிதாக்கப்பட்டபோது மெட்வேயும் கைவிடப்பட்டது. கடைசியில் சுவீடன் தெரிவு செய்தது அமெரிக்காவின் பிராட் அன்ட் விட்னி ஜேடி8டி. போயிங் 727இலும் டிசி-9இலும் பயணிகளைச் சுமந்த அதே குடும்பத்து எஞ்சின். வொல்வோ நிறுவனத்தின் பொறியியலாளர்கள் அதை ஏறக்குறைய புதிதாகவே செய்தார்கள்; பின்னெரிப்பானைச் சேர்த்தார்கள், ஒலியின் வேகத்தைத் தாண்டப் பழக்கினார்கள், ஆர்எம்8 என்று பெயரிட்டார்கள். இதில் ஒரு விசித்திரம் உண்டு. உலகின் எந்த விமான நிலையத்திலும் காணக்கூடிய, யாருக்கும் விற்கப்படும் எஞ்சின் ஒன்று போர்விமானத்துக்குள் புகுந்ததும் அரச இரகசியமாகிவிட்டது. மூன்றாம் நாடொன்றுக்குப் போவதானால் வொஷிங்டனின் கையெழுத்து வேண்டும் என்றாயிற்று. நடுநிலைமையைக் காக்கவென்று கட்டப்பட்ட விமானத்தின் உயிர்நாடி, அணி சேர்ந்த வல்லரசு ஒன்றின் உரிமத்தில் துடித்தது.

எஞ்சினா காரணம், சுவீடனின் சூழலா காரணம் என்பதைப் பிரித்தறிய வரலாறே ஓர் ஒப்பீட்டை விட்டுவைத்திருக்கிறது. விகெனுக்கு முந்திய டிராக்கன், 1955இல் பறந்தது. அதே சாப் கட்டியது. அதே நடுநிலை, அதே ஏற்றுமதிச் சட்டம், அதே சந்தேகம் நிறைந்த பாராளுமன்றம். உள்ளே இருந்தது மட்டும் பிரித்தானிய ஏவனின் உரிமப் பிரதி. டிராக்கனை நேட்டோ உறுப்பு நாடான டென்மார்க் வாங்கியது, சோவியத் எல்லையில் கத்திமுனையில் நின்ற பின்லாந்து வாங்கியது, நடுநிலை நாடான ஒஸ்திரியா வாங்கியது. மூன்று நாடுகளும் மூன்று வகை அரசியல். ஒரு தலைமுறை கழித்து, இன்னும் திறமான விமானம் ஒன்றுக்கு ஒருவருமில்லை. ஒரேயொரு ஒப்பீட்டை வைத்துச் சத்தியம் செய்ய முடியாதுதான். விகென் விலை கூடியது, காலமும் மாறியிருந்தது. ஆனால் அடுத்து வரும் இந்தியச் சம்பவத்தில் அந்தத் தடை வெளிப்படையாகவே தலைகாட்டியது.

எழுபதுகளில் இந்திய விமானப்படை தன் பழைய கன்பராக்களையும் ஹண்டர்களையும் மாற்ற, எதிரி நிலத்துக்குள் ஆழமாகப் புகுந்து தாக்கும் விமானம் ஒன்றைத் தேடியது. களத்தில் நின்றவை மூன்று: பிரித்தானிய-பிரெஞ்சுக் கூட்டுத் தயாரிப்பான ஜாகுவார், பிரான்சின் மிராஜ் எஃப்1, சுவீடனின் விகென். 1965 யுத்தத்தின்போது அமெரிக்கா இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் ஆயுத விநியோகத்தை நிறுத்தியதை டில்லி மறந்திருக்கவில்லை. சோவியத் விமானங்களை மட்டும் நம்பியிருக்கவும் மனமில்லை. அப்படிப்பட்ட நாட்டுக்குச் சுவீடன் என்ற பெயரே ஒரு கவர்ச்சி. ஆனால் 1977இல் பதவிக்கு வந்த ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர், ஒரு பிராந்தியத்துக்குள் முன்னில்லாத உயர்ரக ஆயுதங்களை முதலில் கொண்டுவருபவராக அமெரிக்கா இருக்காது என்ற கொள்கையை அறிவித்திருந்தார். அதே ஆண்டில் பாகிஸ்தான் கேட்ட ஏ-7 தாக்குதல் விமானங்களை அவர் மறுத்தார். அடுத்த ஆண்டு, ஆர்எம்8 எஞ்சினைக் கொண்ட விகென் இந்தியாவுக்குப் போவதற்கும் வழி அடைக்கப்பட்டது. மொரார்ஜி தேசாயின் அரசாங்கம் 1978இல் ஜாகுவாரைத் தெரிவு செய்தது. 1979இல் முதல் விமானங்கள் அம்பாலா தளத்தில் வந்திறங்கின. பின்னர் பெங்களூரில் அவை கட்டப்பட்டன. ஜாகுவாரைக் கட்டிய நாடுகளே அதைக் கைவிட்டபின்னும் இந்தியா இன்றுவரை அதைப் பறக்கவிடுகிறது. கார்ட்டரின் கொள்கையில் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. இரு பகை நாடுகளுக்கும் ஒரே அளவுகோலைப் பிடித்தார் என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். ஆனால் ஏ-7 அமெரிக்காவின் சொந்தப் பொருள். விகென் சுவீடனின் பொருள். அதை யாருக்கு விற்பது என்று சுவீடன் பாராளுமன்றம் விவாதிக்க முன்னரே வேறொரு தலைநகரில் முடிவு எழுதப்பட்டுவிட்டது.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடியவை சிலவுண்டு. சுவீடனின் சட்டமே ஆயுத ஏற்றுமதியைக் கொள்கையளவில் தடை செய்கிறது, அரசாங்கம் விதிவிலக்காகத்தான் அனுமதி கொடுக்கிறது, ஆகவே அமெரிக்கா குறுக்கிடாவிட்டாலும் விகென் டில்லிக்குப் போயிருக்காது என்பார்கள். இதற்குப் பதில் போபர்ஸ். 1986இல் அதே சுவீடன் அதே இந்தியாவுக்கு 410 பீரங்கிகளை விற்றது. அந்த விற்பனையில் நடந்த கையூட்டு விவகாரம் 1987இல் சுவீடன் வானொலி மூலமாகத்தான் வெளிவந்து ராஜீவ் காந்தியின் ஆட்சியை ஆட்டியது. விற்கக்கூடாது என்ற சட்டம் அந்த விற்பனையைத் தடுக்கவில்லை. பீரங்கிக்குள் அமெரிக்க எஞ்சின் இருக்கவுமில்லை. இன்னொரு மறுப்பு கனமானது. 1975இல் பெல்ஜியம், டென்மார்க், நெதர்லாந்து, நோர்வே நான்கும் சேர்ந்து புதிய போர்விமானம் தேடியபோது விகென் போட்டியிட்டு எஃப்-16இடம் தோற்றது. அங்கே எஞ்சின் தடை எதுவும் பேசப்படவில்லை. தோல்விக்குக் காரணம் விலையும், ஆயிரக்கணக்கில் கட்டப்படப்போகும் விமானத்தின் பின்னால் நிற்கும் அமெரிக்கத் தொழிற்சாலைகளின் பலமும், அந்த நான்கு நாடுகளுக்கும் தயாரிப்பில் பங்கு தருவதாகச் சொன்ன வாக்குறுதியும். இதை மறைக்கத் தேவையில்லை. விகெனின் எல்லா ஏமாற்றங்களையும் வொஷிங்டனின் தலையில் கட்டுவது அசட்டுத்தனம். இந்தியாவும் கடைசியில் ஜாகுவாரையே விரும்பியிருக்கலாம். அதற்கு இரண்டு எஞ்சின்கள், பிரித்தானியா உடனடியாகத் தன் சொந்த விமானங்களையே கடனாகக் கொடுக்கவும் தயாராக இருந்தது. ஆனால் போட்டியிட்டுத் தோற்பது வேறு, போட்டிக்குள்ளேயே விடாமல் வாசலில் மறிக்கப்படுவது வேறு. ஐரோப்பாவில் விகென் தோற்றது. இந்தியாவில் அது மறிக்கப்பட்டது.

மிகக் கூர்மையான மறுப்பு விகெனின் வாரிசிடமிருந்து வருகிறது. 1988இல் பறந்த கிரிப்பென் விமானத்திலும் அமெரிக்க எஞ்சின்தான். ஜெனரல் எலெக்ட்ரிக்கின் எஃப்404, புதிய வகையில் எஃப்414. அப்படியிருந்தும் செக் குடியரசு, ஹங்கேரி, தென்னாபிரிக்கா, தாய்லாந்து, பிரேசில் என்று அதன் பட்டியல் நீள்கிறது. எஞ்சின் விலங்கென்றால் இது எப்படி? நியாயமான கேள்வி; என் வாதத்தைத் திருத்தி எழுத வைக்கும் கேள்வியும்கூட. அமெரிக்க எஞ்சின் ஒரு விமானத்தை விற்க முடியாததாக்குவதில்லை; யாருக்கு விற்கலாம் என்ற வட்டத்தை வரைகிறது. மேலே சொன்ன ஐந்து நாடுகளில் வொஷிங்டனுக்கு வேண்டாத நாடு ஒன்றுகூட அந்தக் காலத்தில் இருந்ததில்லை. பனிப்போர் முடிந்து, செக்கும் ஹங்கேரியும் 1999இல் நேட்டோவுக்குள் வந்தபின், வட்டம் அகன்றது, பட்டியலும் அகன்றது. விமானம் அதேதான், சட்டமும் ஏறக்குறைய அதேதான். மாறியது எஞ்சின்காரனின் மனநிலை. இந்தியாவும் 2007இல் தொடங்கிய 126 விமானக் கொள்வனவில் கிரிப்பெனைப் பரிசீலித்து, 2011இல் இறுதிச் சுற்றுக்கு ரபாலையும் யூரோபைட்டரையும் மட்டும் கொண்டுபோனது. இரண்டிலும் அமெரிக்க எஞ்சின் இல்லை. அதுதான் காரணம் என்று சொல்லத் துணியமாட்டேன். தொழில்நுட்பப் பரீட்சைகள் பல நடந்தன. ஆனால் அதே இந்தியா தன் சொந்தத் தேஜஸுக்காகக் காவேரி எஞ்சினைப் பல்லாண்டு முயன்று, முடியாமல், எஃப்404இடமே போய்ச் சேர்ந்தது. தேஜஸ் விமானத்தின் புதிய வகைக்கான எஞ்சின்கள் ஆண்டுக்கணக்கில் தாமதமாக, 2025இல்தான் வரத் தொடங்கின. கொட்டிலில் விமான உடல்கள் வரிசையாக நிற்க, எஞ்சினுக்குக் காத்திருந்தது அரசியல் தடையால் அல்ல, வெறும் விநியோகச் சிக்கலால். பிறர் எஞ்சினை நம்புபவர் பகைமைக்கு மட்டுமல்லாமல் அலட்சியத்துக்கும் பயப்பட வேண்டியிருக்கிறது.

கட்டுப்பாடு எப்போதும் பலிப்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அதற்கு உதாரணமும் சுவீடனிலிருந்தே கிடைக்கிறது. 1969இல் கார்ல் குஸ்தாவ் வொன் ரோசன் என்ற சுவீடன் பிரபு, எம்எஃப்ஐ-9 என்ற விளையாட்டு விமானங்களை வாங்கி, கபோனில் வைத்து இராணுவ வர்ணம் பூசி, பிரெஞ்சு ரொக்கட்டுகளைக் கட்டி, நைஜீரியாவிலிருந்து பிரிந்துபோகப் போராடிய பயப்ராவின் சார்பில் நைஜீரிய விமானத்தளங்களைத் தாக்கினார். பஞ்சத்தில் வாடிய பயப்ராவுக்கு உணவு கொண்டுபோன அதே மனிதர். நூறு குதிரைவலுகொண்ட சாதாரண சிவிலியன் எஞ்சின். யாரும் அனுமதி கேட்கத் தேவையற்றது. விகென் போன்ற இராட்சதனைக் கையெழுத்தால் கட்டிவைக்கலாம், எம்எஃப்ஐ போன்ற தும்பியைக் கட்ட முடியாது. இலங்கையர் இதை 2007 மார்ச்சில் நேரில் கண்டார்கள். செக் நாட்டு ஸ்லின் பயிற்சி விமானங்களில் வந்த விடுதலைப் புலிகள் கட்டுநாயக்க தளத்தின்மேல் குண்டு போட்டபோது, அந்த விமானங்களிலும் இருந்தது சந்தையில் கிடைக்கும் அமெரிக்க லைகமிங் எஞ்சின்தான். பாகிஸ்தானோ அதே எம்எஃப்ஐ குடும்பத்தின் அடுத்த வகையை உரிமம் பெற்று, முஷ்ஷாக் என்ற பெயரில் கம்ராவில் தானே கட்டிக்கொண்டிருக்கிறது. விகென் வராத தெற்காசியாவுக்கு, யாரும் பொருட்படுத்தாத சின்ன விமானம் வந்து குடியேறிவிட்டது.

இனிக் கிபிர். அந்த விமானமே ஒரு தடையின் பிள்ளை. 1967 யுத்தத்தின்பின் இஸ்ரேல் காசு கட்டியிருந்த மிராஜ் விமானங்களைப் பிரான்ஸ் தர மறுத்தது. இஸ்ரேல் மிராஜின் உடலைத் தானே கட்டி, பிரெஞ்சு எஞ்சினுக்குப் பதிலாக ஜெனரல் எலெக்ட்ரிக்கின் ஜே79ஐ வைத்தது. ஒரு தலைநகரின் பிடியிலிருந்து தப்பி இன்னொன்றின் பிடிக்குள் போன கதை. 1977இல் ஈக்குவடோர் 24 கிபிர்களை வாங்க முன்வந்தபோது கார்ட்டர் நிர்வாகம் அந்த எஞ்சினைக் காட்டியே விற்பனையைத் தடுத்தது. விகெனுக்கு இந்தியாவில் நடந்ததன் ஒத்திகைபோல அது இருந்தது. றேகன் வந்ததும் ஈக்குவடோருக்கு வழி திறந்தது; பிறகு கொலம்பியாவுக்கு; 1996இல் இலங்கைக்கு. அமெரிக்கக் கடற்படைகூடச் சில காலம் கிபிர்களை வாடகைக்கு எடுத்துப் பயிற்சிக்குப் பாவித்தது. நம் நாட்டில் கிபிரைப் பற்றிப் பேசுவோர் அதை இஸ்ரேலின் விமானம் என்றே சொல்வார்கள். பாதி உண்மை. கிராமங்களின்மேல் கேட்ட அந்த இரைச்சல் அமெரிக்க எஞ்சினின் இரைச்சல். ஆகவே அதன் வருகையில் ஒரு மறைமுகச் சம்மதமும் இருந்தது. மனித உரிமை அறிக்கைகளில் கவலை தெரிவித்த நாட்டின் சம்மதம்.

விகெனின் இன்னொரு பாடமும் இங்கே எதிர்மறையாக ஒலிக்கிறது. 2001 ஜூலை 24ஆம் திகதி கட்டுநாயக்கவில் நடந்த தாக்குதலில் இரண்டு கிபிர்கள் உட்பட எட்டு இராணுவ விமானங்கள் தரையிலேயே எரிந்தன. ஒரே தளத்தில், சர்வதேச விமான நிலையத்தின் வேலிக்குப் பக்கத்தில், ஜெட் விமானங்களைக் குவித்துவைத்ததன் விலை அது. சுவீடன்காரர் போலச் சிதறவைத்திருக்கலாமே என்று இராணுவப் பகுப்பாய்வாளர் சொல்லலாம். அந்த யோசனை ஒரு விடயத்தை மறந்துவிடுகிறது. வீதியோரத்தில் போர்விமானத்தை நிறுத்தவேண்டுமானால், அந்த வீதியோரத்து மக்கள் அதைத் தங்கள் விமானம் என்று நினைக்க வேண்டும். சுவீடனில் விகெனுக்கு எண்ணெய் ஊற்றியவன் பக்கத்து ஊர்ப் பையன். உள்நாட்டு யுத்தத்தில் குண்டுபோடும் விமானத்துக்கு முள்வேலியைத் தவிர வேறு வீடு இல்லை. எஞ்சினுக்கான அனுமதியை வெளிநாட்டிலிருந்து பெறலாம், வீதிக்கான அனுமதியைச் சொந்த மக்களிடமிருந்தே பெற வேண்டும்.

2011இல் இலங்கை விமானப்படையின் ஆண்டுவிழா ஒத்திகையில் இரண்டு கிபிர்கள் வானில் மோதி அழிந்தன. மிஞ்சியவற்றில் ஐந்தைத் திருத்திப் பறக்கவைக்க, 2021இல் இஸ்ரேலிய நிறுவனத்தோடு 50 மில்லியன் டொலர் ஒப்பந்தம் கைச்சாத்தானது. அடுத்த ஆண்டே நாடு எரிபொருளுக்கு வரிசையில் நின்றது. கிபிரைப் பாவித்த இன்னொரு நாடான கொலம்பியா வேறு வழியை எடுத்தது. 2025 ஏப்ரலில் கிபிர்களுக்குப் பதிலாகச் சுவீடனின் கிரிப்பெனை வாங்குவதாக ஜனாதிபதி பெத்ரோ அறிவித்தார். அறிவிப்பு வருமுன்பே எழுந்த கேள்வி, எஃப்414 எஞ்சினுக்கு வொஷிங்டன் சம்மதிக்குமா என்பதுதான். அந்த ஆண்டு நவம்பரில் 17 விமானங்களுக்கு ஒப்பந்தம் எழுதப்பட்டது. கழற்றப்படும் கிபிரின் ஜே79ஐயும், வந்திறங்கப்போகும் கிரிப்பெனின் எஃப்414ஐயும் வடிவமைத்தது ஒரே ஜெனரல் எலெக்ட்ரிக்.